காத்திருக்காத மது: புதுச் சிவப்பு ஒயினைச் சுவைத்தறிந்த வரலாறு

1395ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று பர்கண்டிக் கோமகன் ஃபிலிப் ஓர் ஆணை பிறப்பித்தார். தம் ஆட்சிப்பகுதியில் எங்கெல்லாம் ‘கமே’ என்னும் திராட்சைக் கொடி நடப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் அதனை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் என்பது ஆணையின் சாரம். அக்கொடி நேர்மையற்றது, ஏராளமாகக் காய்த்து, கசந்த ஒயினைத் தந்து, அருந்துவோரின் உடலைக் கெடுப்பது, இவை அதன்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். கொள்ளைநோய் ஊர்களைச் சூறையாடி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்த காலம் அது. வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையில், குறைந்த உழைப்பில் நிறைந்த விளைச்சல் தந்த கொடியை உழவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. கோமகனின் கவலை வேறு. பினோ நுவார் திராட்சையால் பர்கண்டி ஈட்டியிருந்த பெயரும், அப்பெயரை நம்பி நடந்த வணிகமும் குலைந்துவிடக் கூடாது என்பதே அது.

அந்த ஆணையின் கை எட்டாத தெற்கில், போஜோலேயின் கருங்கல் மண்ணில் கமே வேரூன்றியது. இன்று உலகில் புதுச் சிவப்பு ஒயின் என்றவுடன் நினைவுக்கு வருவது அங்கு விளையும் மதுதான். அறுவடையான சில வாரங்களிலேயே குடிக்கப்படுவது, குளிரவைத்துக் குடிக்கப்படுவது, அறிந்தோர் எனப்படுவோர் பெரிதும் இளக்காரமாகப் பேசுவது. இந்த இளக்காரம் நாவிலிருந்து பிறந்ததா, வரலாற்றிலிருந்து பிறந்ததா என்பது கேட்கத்தக்க வினா. (தமிழில் ‘இளஞ்சிவப்பு’ வேறொரு நிறத்தின் பெயராகிவிட்டமையால் இங்குப் ‘புதுச் சிவப்பு ஒயின்’ என்றே குறிக்கப்படுகிறது.)

பழையதே உயர்ந்தது என்னும் எண்ணம் ஐரோப்பாவில் இடைவிடாது நிலவிய ஒன்று என்று பலர் கருதுகின்றனர். அது உண்மையன்று. அவ்வெண்ணம் ரோமரிடம் இருந்தது. பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்தது. பின்னர்ப் புதிதாய்ப் பிறந்தது. இந்த மூன்று நிலைகளையும் முதன்மையாகத் தீர்மானித்தது கலம்.

ரோமர் தங்கள் ஒயினை ஆம்போரா எனப்படும் சுடுமண் சாடிகளில் ஊற்றி, வாயை அடைத்துப் பூசி மூடினர். காற்றுப் புகாத கலத்தில் மது பல்லாண்டு கிடந்தது. கி.மு. 121ஆம் ஆண்டு ஒயின், அவ்வாண்டு ஆட்சித்தலைவராயிருந்த ஒபிமியஸின் பெயரால் தலைமுறைகள் கடந்தும் பேசப்பட்டது. இரு நூற்றாண்டுக்குப் பின் அதைப் பற்றி எழுதிய பிளினி, அது தேன்போல் இறுகிக் கசப்பேறிவிட்டதாகவும், பிற ஒயின்களில் சிறிது கலக்கவே பயன்பட்டதாகவும் கூறுகிறார். புகழ் வளர்ந்த வேகத்தில் சுவை வளரவில்லை போலும். மார்கஸ் அவுரேலியஸ் பேரரசருக்கு மருந்து கூட்டிய கேலன், அரண்மனை நிலவறையில் இறங்கி, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஃபலெர்னியன் சாடிகளைத் திறந்து, கசப்பின் சாயல் இல்லாத ஒன்று கிடைக்கும்வரை சுவைத்துப் பார்த்ததைத் தாமே பதிவு செய்துள்ளார். அச்சாடிகள் இந்தியக் கடற்கரைக்கும் வந்தன. பரூச் துறைமுகத்தில் இத்தாலிய ஒயினுக்கே முதல் வரவேற்பு என்று ‘பெரிப்ளஸ்’ கூறுகிறது. யவனர் நற்கலத்தில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியுள்ளார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது ஆம்போராச் சில்லுகள் கிடைத்தன. மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கிய மது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அதனைத் தாங்கவைத்தது கலம்தான்.

பின்னர் மரப்பீப்பாய் வந்தது. உருட்டிச் செல்ல எளிது, உடையாது, கனம் குறைவு. வணிகருக்கு வரமாக அமைந்த அப்பீப்பாய் ஒயினுக்குக் கேடாக முடிந்தது. மரத்தின் நுண்துளை வழியாகவும், ஊற்ற ஊற்றக் குறையும் மட்டத்தின்மீதும் காற்றுப் படிந்தது. காற்றோடு காடியாக்கும் நுண்ணுயிரிகளும் வேலையைத் தொடங்கின. இடைக்கால ஐரோப்பாவில் ஓர் ஆண்டைக் கடந்த ஒயின் பெரும்பாலும் புளித்துப்போன ஒயின்தான். எனவே அன்றைய சந்தையில் விலை தலைகீழாக இருந்தது: புதியதற்கு உயர்விலை, பழையதற்குத் தள்ளுவிலை.

போர்டோவின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1152இல் அக்கித்தேன் நாட்டு எலினோர் ஹென்றி பிளான்டாஜினெட்டை மணந்தார். ஈராண்டில் அவர் இங்கிலாந்து அரசரானார். அதன் பயனாகத் தென்மேற்குப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் இங்கிலாந்தின் பின்கட்டுத் தோட்டங்கள்போல் ஆயின. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் கிரோந்து கழிமுகத்திலிருந்து ஏற்றுமதியானது ஏறத்தாழ 1,00,000 டன் பீப்பாய்கள். ஒரு பீப்பாய் சுமார் 900 லிட்டர். இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்ததும் கப்பல் அணி புறப்படும். கிறிஸ்துமசுக்குமுன் லண்டன் குடிமனைகளில் புது ஒயின் பாயும். அது கரையிறங்கிய அன்றே, நிலவறையில் எஞ்சியிருந்த சென்ற ஆண்டுச் சரக்கின் விலை விழுந்துவிடும். பழையதைப் புதியதோடு கலந்து விற்கும் ஆசை குடிமனைக்காரர்களுக்கு இயல்பாகவே எழுந்தது. நகராட்சி விதிகள் அதைத் தடுக்க ஓயாமல் முயன்றன. 1364இல் ஜான் பென்ரோஸ் என்பவர் கெட்டுப்போன சிவப்பு ஒயினை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதே ஒயினில் ஒரு மடக்கை அவரே குடிக்க வேண்டும். மீதியை அவர் தலையில் ஊற்ற வேண்டும். அரசர் மன்னித்தாலன்றி அத்தொழிலை மீண்டும் செய்யக் கூடாது. சுவைத்தரத்தைக் காக்க உலகில் வழங்கப்பட்ட தீர்ப்புகளில் இதனினும் நேரடியானது ஏதேனும் உண்டா என்பது ஐயமே.

அந்தக் காலத்துப் போர்டோ மது இன்றைய கருஞ்சிவப்பு மது அன்று. தோலோடு சாறு மிகக் குறுகிய காலமே ஊறியதால் நிறம் வெளிறியிருந்தது. பிரெஞ்சில் ‘கிளேரே’, தெளிந்தது என்னும் பொருள். ஆங்கிலேயரின் ‘கிளாரெட்’ அதன் வழிவந்த சொல். துவர்ப்பு குறைந்த, நறுமணம் ததும்பிய, விரைந்து குடித்துத் தீர்க்கவேண்டிய மது. இன்று போஜோலேயில் குடிக்கப்படுவதற்கு இடைக்கால லண்டன் மாந்தர் அருந்தியது நெருங்கிய உறவு எனலாம்.

அவர்கள் அதை எவ்வாறு வருணித்தனர் என்பது தனிக் கேள்வி. இன்றைய சுவைக்குறிப்புகளை நிறைக்கும் செர்ரியும் ஊதாப்பூவும் தோலும் புகையிலையும் அன்றைய எழுத்துகளில் இல்லை. அறிவியல் வரலாற்றாளர் ஸ்டீவன் ஷேப்பின் சுட்டிக்காட்டியதுபோல், முன்னவீன கால ஒயின்ப் பேச்சு சுருக்கமானது. அதன் அக்கறை மணத்தைவிட உடல்மீது மது செய்யும் வேலையில்தான் இருந்தது. கேலன்வழி மருத்துவம் ஒயினை வெம்மை, தண்மை, வறட்சி, ஈரம் என்னும் குணங்களால் அளந்தது. வயது ஏற ஏற ஒயினின் வெம்மை ஏறும். மிகப் புதியது வயிற்றை உப்பவைக்கும். ‘நல்ல ஒயின்’ என்றால் குடிப்பவர் உடலுக்கும் பருவத்துக்கும் பொருந்திய ஒயின் என்று பொருள். கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்து மணங்களைப் பட்டியலிடும் பழக்கம், நூலகப் பழமையின் தோற்றம் கொண்டிருந்தாலும், பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம்.

பழைய ஒயின் மீண்டும் அரியணை ஏறியதற்குக் காரணம் நாவின் நுண்மை வளர்ந்தமை அன்று, நிலக்கரி. 1615இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், கப்பல் கட்டத் தேவையான மரத்தைக் காக்கும்பொருட்டு, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடைசெய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின, வெப்பம் கூடியது, தடித்த, கருத்த, உறுதியான கண்ணாடி கிடைத்தது. அத்தகைய புட்டியை வடிவமைத்த பெருமை கெனெல்ம் டிக்பி என்பவருக்கு வழங்கப்படுகிறது. தக்கை அடைப்பு அதனோடு சேர்ந்தது. வெங்காயம்போல் உருண்டிருந்த புட்டி 18ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்லச் சாய்த்து அடுக்கத்தக்க உருளையாயிற்று; சாய்த்து வைத்தால் தக்கை நனைந்திருக்கும், காற்றுப் புகாது. டச்சு வணிகர் பரப்பிய கந்தகத்திரி பீப்பாய்க்குள்ளும் மதுவைக் காத்தது. ஆம்போராவோடு புதைந்துபோன வாய்ப்பு மீண்டது.

வாய்ப்புக் கிடைத்தவுடன் அதைப் பயன்படுத்தும் மதுவும் வந்தது. 1663 ஏப்ரல் 10 அன்று ஸாமுவேல் பீப்ஸ் ஒரு லண்டன் குடிமனையில் அருந்திய ‘ஓ பிரியோன்’ ஒயினின் தனித்த சுவையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு தோட்டத்தின் பெயரால் ஓர் ஒயின் நினைவுகூரப்பட்ட தொடக்கச் சான்றுகளுள் அது ஒன்று. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், போரில் பிடிபட்ட கப்பல்களின் சரக்கை ஏலம் விட்ட விளம்பரங்களில் ‘புதிய பிரெஞ்சுக் கிளாரெட்’ என்னும் பெயர் தோன்றுகிறது. அங்குப் ‘புதிய’ என்றது இளமையை அன்று, பாணியை. நீண்டநேரம் தோலோடு ஊறி, நிறமும் துவர்ப்பும் ஏறி, ஆண்டுகள் கிடந்து பழுப்பதற்காகவே செய்யப்பட்ட மது அது. பெயரில் மட்டும் புதுமை எஞ்சியிருக்க, பொருளில் முதுமை குடிபுகுந்தது.

முதுமை செல்வத்தின் அடையாளமும் ஆயிற்று. பத்தாண்டு காத்திருக்க நிலவறை வேண்டும். பணத்தை முடக்கிவைக்கும் வசதி வேண்டும். பெயரன் குடிப்பான் என்று புட்டி அடுக்கும் குடும்பம் வேண்டும். சென்ற மாதம் பிழிந்ததை இம்மாதம் குடிப்பவர் கூலியாள். தந்தை வாங்கியதைக் குடிப்பவர் கனவான். 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்டோத் தரகர்கள் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தபோது, நீண்டநாள் தாங்கும் மதுவே அப்படிகளின் உச்சியில் நின்றது. 1866இல் பஸ்தேர் தம் ஒயின் ஆய்வு நூலில், ஒயின் பழுப்பதில் ஆக்சிஜனின் பங்கை விளக்கி, முதிர்ச்சிக்கு அறிவியலின் ஒப்பத்தையும் அளித்தார்.

இந்த அமைப்புக்குள் புதுச் சிவப்பு ஒயினைச் சுவைக்கும் கலை அழியவில்லை. வேறு வேலைக்கு அனுப்பப்பட்டது. போர்டோத் தரகர்கள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தோட்டம் தோட்டமாகச் சென்று பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துச் சுவைத்தனர். 1815இல் கியோம் லாட்டன் என்ற தரகர் எழுதிவைத்த தோட்ட மதிப்பீடுகள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. அவர்கள் நாவில் விழுந்தது கரடுமுரடான இளமது. அவர்கள் எழுதியதோ அது பத்தாண்டுக்குப்பின் எவ்வாறு இருக்கும் என்பது. குழந்தையின் கையைப் பார்த்து அதன் முதுமையைச் சொல்லும் வேலை அது. இன்று ‘ஆன் பிரிமர்’ எனப்படும் முன்விற்பனை முறையில் உலகெங்குமிருந்து வரும் வணிகரும் விமர்சகரும் அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் போர்டோவில் கூடி, பற்கள் கறுக்கச் சுவைத்து, உமிழ்ந்து, மதிப்பெண் இடுகின்றனர். புட்டியில் அடைக்கப்பட இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே அது விற்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டு ஒயினை இவ்வாறு இளமையிலேயே உச்சிமேற் புகழ்ந்த அமெரிக்கர் ராபர்ட் பார்க்கர், அதன்மூலம் தம் பெயரையும் நூறு மதிப்பெண் முறையையும் நிலைநாட்டிக்கொண்டார். மாதிரியோ முடிவடையாத ஒன்று. பீப்பாய்க்குப் பீப்பாய் மாறுவது. அதன்மீது கட்டப்பட்ட விலை மட்டும் முடிந்த முடிவு. 2012இல் புகழ்பெற்ற லத்தூர் தோட்டம் இம்முறையிலிருந்து விலகியது.

ஆக, புதுச் சிவப்பு ஒயினைச் சுவைப்பதில் இருவேறு மரபுகள் உண்டு. ஒன்று அதைக் கடன்பத்திரமாகப் படிப்பது. மற்றொன்று அதை மதுவாகவே குடிப்பது. முதலாவதற்குச் சொற்களும் நூல்களும் நிறுவனங்களும் இருந்தன. இரண்டாவதற்கு நெடுநாள் வரை குடிமனைச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. சிக்கல் எங்கெனில், முதலாவதன் சொற்களைக் கொண்டே இரண்டாவதும் அளக்கப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ளக் கிண்ணத்துக்குள் சிறிது பார்க்க வேண்டும். புதுச் சிவப்பு ஒயினின் விளிம்பு ஊதாவாக இருக்கும். தோலிலிருந்து இறங்கிய அந்தோசயனின் நிறமிகள் இன்னும் தனித்தனியே மிதப்பதன் அடையாளம் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை டானின்களோடு பிணைந்து, நிறம் செங்கல் சாயலை நோக்கி நகரும், ஒரு பகுதி வண்டலாகவும் படியும். மணத்தை மூன்றாகப் பகுப்பது பள்ளி மரபு: திராட்சையிலிருந்து வருவது முதல்நிலை, நொதித்தலிலிருந்து வருவது இரண்டாம் நிலை, முதிர்ச்சியிலிருந்து வருவது மூன்றாம் நிலை. வேதியியலாக இப்பகுப்பு தவறன்று. ஆனால் நிலை என்ற சொல் ஏணியாகிவிட்டது. மூன்றாவதைத் தொடாத மது முழுமை பெறாத மது என்று கேட்பவர் மனத்தில் தானே பதிகிறது. பழுத்த இலை, காளான், தோல் ஆகியவற்றின் மணம் இல்லையே என்று புது ஒயினைக் குறைசொல்வது, மாவடுவிடம் மாம்பழச் சாற்றைத் தேடுவதற்கு ஒப்பு.

துவர்ப்பின் கதை இதனினும் சுவையானது. ஐரோப்பிய உடலியலில் துவர்ப்பு ஒரு சுவையே அன்று. எச்சிலிலுள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் நாவில் எழும் உராய்வு, அதாவது தொடு உணர்வு. தமிழின் அறுசுவையிலோ அதற்குக் கசப்பிலிருந்து பிரிந்த தனிப்பெயரும் தனியிடமும் உண்டு. கடுக்காயையும் வாழைப்பூவையும் அறிந்த நாவுக்குச் சிவப்பு ஒயினின் கசப்பு எது, துவர்ப்பு எது எனப் பிரித்தறிவதில் இடர்ப்பாடு இராது. மேற்கத்தியப் பயிற்சி வகுப்புகளில் தொடக்க மாணவர்கள் முதலில் தடுமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

சொல் நாவை ஆள்வதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று 2001இல் வெளிவந்தது. மொரோ, புரோஷே, துபுர்தியூ ஆகிய மூவர் போர்டோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்க்கு ஒரே வெள்ளை ஒயினை இரு கிண்ணங்களில் தந்தனர். ஒன்றில் மட்டும் மணமற்ற சிவப்பு நிறமி கலந்திருந்தது. சிவப்பாய்த் தெரிந்ததை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய மணச்சொற்களால் வருணித்தனர். இதை வைத்து ஒயின் அறிவு முழுவதும் பொய் என்று கேலி பேசுவோர் உளர். அது மலிவான முடிவு. கண் முதலில் ஓர் அகராதியைத் திறக்கிறது, மூக்கு அதற்குள் தேடுகிறது என்பதே அவ்வாய்வு காட்டுவது. அப்படியானால் எந்த அகராதி கையில் இருக்கிறது என்பது பெரிய செய்தி ஆகிறது. புது ஒயினுக்கென ஓர் அகராதி தேவைப்பட்டது.

அதை எழுதியவர்களுள் முதன்மையானவர் ழூல் ஷோவே. 1907இல் போஜோலேயின் வடவிளிம்பில் உள்ள லா ஷப்பல்-த-கன்ஷேயில் பிறந்த அவர் தொழிலால் ஒயின் வணிகர், நாட்டத்தால் வேதியியலாளர், நொபெல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்கோடு தொடர்பு கொண்டிருந்தவர். ஒயினின் நறுமணத்தை அவர் ஆய்வுப் பொருளாக்கினார். வெப்பநிலை, கிண்ணத்தின் வடிவம், சுவைக்கும் நேரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்திக் குறிப்பெடுத்தார். 1970களில் தரப்படுத்தப்பட்ட, மேலே குறுகிய துலிப் வடிவச் சுவைக்கிண்ணம் உருவானதில் அவர் முயற்சிக்குப் பங்குண்டு. மணத்தைக் கூட்டிவைக்கும் அக்கிண்ணம், மணத்தால் வாழும் புதுமதுவுக்கு எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஷோவே ஆராய்ந்த நொதித்தல் முறையும் இங்குக் கருதத்தக்கது. திராட்சையை நசுக்காமல் முழுக்குலையாகத் தொட்டியில் இட்டு, கரியமில வாயு சூழவிட்டால், பழத்தின் உள்ளேயே உயிரணுக்கள் சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றத் தொடங்கும். இரண்டு விழுக்காட்டளவில் ஆல்ககால் சேர்ந்ததும் அது நின்றுவிடும். புளிப்பூட்டும் மாலிக் அமிலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் கரைந்திருக்கும். தோலிலிருந்து நிறம் இறங்கும். துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. வாயுவிலிட்ட பழத்தின் சுவை மாறுவதைப் பஸ்தேர் 1872இலேயே குறித்திருந்தார். 1934இல் நார்போனில் மிஷேல் ஃப்ளாஞ்சி பழத்தைக் கெடாது காக்கச் செய்த சோதனை ஒயினாக்க முறையாக மாறியது. போஜோலேயில் தொட்டியடியில் உள்ள பழம் தன் சுமையால் தானே நசுங்கி, அதன் நொதித்தலில் பிறக்கும் வாயுவே மேலுள்ள பழத்தைச் சூழும். அது அறிவியல் பெயர் பெறுமுன்பே அங்கு நடந்த வழக்கம்.

இவ்வாறு பிறந்த ஒயினைச் சுவைக்கும் முறை வேறு. 18 பாகையில் வைத்தால் அதன் மணம் கலைந்து ஆல்ககால் முன்னே வரும். 12, 13 பாகையில் தந்தால் செர்ரி, ராஸ்பெர்ரி, சிலவேளை பியோனி மலரின் சாயல் தெளிவாக எழும். துவர்ப்பு மிக்க முதிர்மதுவை இவ்வளவு குளிர்வித்தால் துவர்ப்பு மேலும் முரடாகிவிடும். இங்கு அது குறைவாதலால் குளிர் தீங்கு செய்யாது. நாவில் எஞ்சிய வாயுவின் மெல்லிய குறுகுறுப்புக் குற்றமன்று. தேடவேண்டியவை மணத்தின் தூய்மை, புளிப்பின் உயிர்ப்பு, அடுத்த மடக்கை வேண்டும் தொண்டை. லியோன் நகரத்துச் சிற்றுணவகங்களில் அடித்தடித்த 46 சென்டிலிட்டர் புட்டியில், கொழுப்பு மிக்க பன்றி இறைச்சியோடு அது பரிமாறப்படுவதற்குக் காரணமும் இதுவே: புளிப்பு கொழுப்பை அறுக்கும். ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகளோடு போஜோலே என்னும் மூன்றாவது ஆறும் தங்கள் நகரில் ஓடுகிறது என்பது லியோன்காரர்களின் பழைய வேடிக்கைப் பேச்சு.

மூன்றாவது ஆறு உலகெங்கும் பாயத் தொடங்கியது ஓர் அரசாங்கக் குறிப்பால். 1951இல் தரப்பெயர் பெற்ற ஒயின்கள் டிசம்பர் 15க்கு முன் வெளியேறக் கூடாது என்ற விதிக்கு உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்; நவம்பர் 13 அன்று வெளியான குறிப்பு, போஜோலே உள்ளிட்ட சிலவற்றை முன்கூட்டியே விற்க இசைவளித்தது. 1967இல் நாள் நவம்பர் 15 என நிலைபெற்றது. 1985இல் அது நவம்பர் மூன்றாம் வியாழன் ஆயிற்று. ஜோர்ஜ் துபெஃப் என்னும் வணிகர் பூப்போட்ட ஒட்டுத்தாளோடு அதை விழாவாக்கினார். பாரிசுக்கு முதலில் கொண்டுசேர்க்கும் போட்டி லண்டன்வரை கார்ப்பந்தயமாக நீண்டது. பின்னர் ஜப்பான் முதன்மைச் சந்தையாயிற்று. அறுவடைக் களைப்புத் தீர உழவர் குடித்த மது நள்ளிரவு மணியடிக்க டோக்கியோவில் திறக்கப்பட்டது.

விழாவுக்கு நாள் குறித்தபின் ஒயினுக்கு விடுப்பு இல்லை. மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் நவம்பரில் புட்டி தயாராக வேண்டும். விளைச்சலைக் கூட்டினர், சர்க்கரை சேர்த்தனர், தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டும் சூடேற்றமும் கொண்டு மணத்தை விரைந்து வரவழைத்தனர். ஆண்டுதோறும் அதே வாழைப்பழ மணம் எழுந்தது. ஷோவே தேடிய மணத்துக்கும் இதற்கும் தொடர்பு பெயரளவே. புதுமை என்பது பருவத்தின் கையொப்பமாக இருந்த நிலை போய், தொழிற்சாலைக் குறியீடாயிற்று. குடித்தவர்களுக்கும் அது தெரிந்தது. 2001 அறுவடைக்குப் பின் விற்பனையாகாத பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டி அளவு ஒயின் காய்ச்சி வடிக்கவோ அழிக்கவோ பட்டது. நூற்றாண்டின் முடிவில் 22,000 ஹெக்டேர் அளவில் இருந்த தோட்டப்பரப்பு இன்று 15,000 ஹெக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. கோமகனின் ஆணை செய்ய முடியாததைச் சந்தை செய்தது. இம்முறை கொடியைப் பிடுங்கியவர்கள் உழவர்களே.

இங்கு இரு தீர்ப்புகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. மோசமாகச் செய்யப்பட்ட புது ஒயின்மீது எழுந்த நியாயமான வெறுப்பு, புது ஒயின் என்னும் வகையின்மீதே சுமத்தப்பட்டது. நுவோ என்ற பெயரில் விற்க உரிமையே இல்லாத மோர்கோன், ஃப்ளூரி, மூலன்-அ-வான் முதலிய பத்து ஊர்களின் ஒயினும் அதே பழியில் நனைந்தது. மலிவான போர்டோ கெட்டிருந்தால் எவரும் முதிர்ந்த ஒயின் என்னும் கருத்தையே பழிப்பதில்லை. இச்சலுகை புதுமைக்கு வழங்கப்படவில்லை.

1980களின் தொடக்கத்தில் மோர்கோன் ஊரின் மார்செல் லபியேர் ஷோவேயை நாடிச் சென்றார். ஃபுவாயார், பிரெத்தோன், தெவெனே என்னும் அயலார் மூவரும் அவ்வழியில் சேர்ந்தனர். செயற்கை உரத்தையும் பூச்சிமருந்தையும் விடுத்து, முதிர்ந்த கொடிகளில் நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, அழுகல் ஒன்றையும் விடாது பொறுக்கி நீக்கி, தோட்டத்து ஈஸ்ட்டால் குளிர்ந்த தொட்டியில் மெல்ல நொதிக்கவைத்து, கந்தகத்தை முற்றும் தவிர்த்தோ சிறிதளவே சேர்த்தோ அடைத்தனர். மணமே ஒயின் என்று ஷோவே கருதியதன் தோட்டவடிவம் இது. 1989இல் ஷோவே மறைந்தார். 2010இல் லபியேர் மறைந்தார். அதற்குள் பாரிஸ், நியூயார்க், டோக்கியோ நகரங்களின் சிறு ஒயின்கடைகளில், இளமையில் குளிரவைத்துக் குடிக்கும் சிவப்பு ஒயின் மீண்டும் மதிப்போடு பேசப்படலாயிற்று. பேசப்பட்ட சொற்கள்தாம் மாறியிருந்தன: ‘ஆழம்’, ‘கட்டமைப்பு’, ‘வருங்காலம்’ ஆகியவற்றின் இடத்தில் ‘தெளிவு’, ‘சாறு’, ‘தாகம்’.

எனினும் பழைய ஏணி இன்னும் சாய்ந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் ஃப்ளூரி ஊரார் தம் தோட்டத்துண்டுகள் சிலவற்றுக்குப் பர்கண்டியில் உள்ளதுபோல் ‘முதல்தரத் தோட்டம்’ என்னும் தகுதி வேண்டிப் பிரெஞ்சுத் தரப்பெயர் நிறுவனத்தை அணுகியுள்ளனர். போஜோலேயின் பெயரை மீட்க வாதாடுவோர் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று, இருபது முப்பது ஆண்டு கிடந்தும் கெடாத பழைய மூலன்-அ-வான் புட்டிகள். கமேயும் காத்திருக்கும் என்று, 1395இல் அதை விரட்டிய பர்கண்டியின் அளவுகோலைக் கொண்டே அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.